மூன்று வரை எண்ணும் காதல் படங்கள்

மாலத்தீவின் திவெஹி மொழிக் காதல் படங்களில் கல்யாணத்துக்காக யாரும் அதிகம் காத்திருப்பதில்லை. நாயகனும் நாயகியும் பார்த்துக்கொள்வார்கள். கடற்கரையில் ஒரு பாட்டு, மோட்டார் சைக்கிளில் ஒரு பாட்டு, பெண் வீட்டில் ஒரு சின்ன முணுமுணுப்பு. அடுத்த காட்சியில் மாப்பிள்ளையும் பெண்ணின் தகப்பனாரும் கைகோத்து உட்கார்ந்திருக்க நிக்காஹ் நடந்துகொண்டிருக்கும். படம் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மூன்றாவது முடிச்சு விழும் நொடிவரை நாற்காலி நுனியில் உட்கார்ந்து பழகியவன் நான். கல்யாணமே முடிந்துவிட்டது, மிச்சம் இரண்டு மணி நேரம் எதை வைத்து ஓட்டப்போகிறார்கள் என்று எரிச்சலாக இருக்கும்.

அந்த இரண்டு மணி நேரத்தில்தான் படமே இருக்கிறது என்பது பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது.

மாலத்தீவின் தெற்கே ஒரு சிறு தீவில், அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த காலத்தில்தான் இந்தப் படங்கள் எனக்கு அறிமுகமாயின. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் அங்கே பாடம் நடத்தப் போனவர்கள் ஏராளம். ஆங்கிலம்தான் அங்கே பாடமொழி என்பதால் பள்ளியில் பிழைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரமம். நான் குடியிருந்த வீட்டு அம்மாளை ஊரே தத்தா என்று கூப்பிடும், அதாவது அக்கா. நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னை இந்தியன் என்று தெரிந்துகொண்டதும் அவர் சரளமான இந்தியில் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்கோ இந்தியில் எண்களைத் தாண்டி எதுவும் வராது. வாழ்நாளில் இந்திய மண்ணை மிதிக்காத அவர், பம்பாய்ப் படங்களைப் பார்த்தே அந்த மொழியைக் கற்றிருந்தார். இந்தியன் ஒருவனுக்கு இந்தி தெரியாது என்பதை அவரை நம்பவைக்கவே முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டார். கடைசியில் எங்கள் பேச்சு உடைந்த ஆங்கிலத்திலும் மேலும் உடைந்த திவெஹியிலுமாக நடந்தது.

திவெஹி சினிமாவுக்கும் அந்த இந்திச் சினிமாதான் வாத்தியார். மெட்டு அங்கிருந்து வரும், கதையின் எலும்புக்கூடு அங்கிருந்து வரும், சில சமயம் மழையில் நனையும் கோணம்கூட அப்படியே வரும். இதை மறைத்துப் பேச அங்கே யாரும் மெனக்கெடுவதில்லை. ஆனால் கடன் வாங்கிய கதை அந்தத் தீவுகளின் மண்ணில் இறங்கியதும் ஓர் இடத்தில் முரண்டு பிடிக்கும். பம்பாய்க் கதை கல்யாணத்தை முடிவாக வைத்திருக்கும். மாலத்தீவுப் பார்வையாளருக்குக் கல்யாணம் முடிவு என்று சொன்னால் சிரிப்பு வந்துவிடும்.

ஐக்கிய நாடுகள் அவையின் 2002ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து, உலகிலேயே அதிகம் மணமுறிவு நடக்கும் நாடு என்று மாலத்தீவைக் கின்னஸ் புத்தகத்தில் போட்டார்கள். ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றில் 10.97 மணமுறிவுகள். இரண்டாம் இடத்தில் இருந்த பெலாரஸுக்கு ஐந்துகூட வரவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகள் இந்த எண்ணை விசித்திரச் செய்தியாகப் போட்டு நகர்ந்துவிடுகின்றன. இந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் சங்கதி, பிரிந்தவர்களில் பலர் மறுபடியும் அதே ஆளைக் கட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தத் திவெஹிக் காதல் படத்தையும் பார்த்துப் பயனில்லை.

பள்ளி மண்டபத்தில் ஒரு தடவை படம் போட்டார்கள். தலைநகர் மாலேயில் ஓடி முடித்த படங்களைத் தயாரிப்பாளர்களே படகில் எடுத்துக்கொண்டு தீவு தீவாகப் போவது அங்கே வழக்கம். ஒரு புரொஜெக்டர், மேடையில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி, பிளாஸ்டிக் நாற்காலிகள். நாற்காலி கிடைக்காதவர்கள் வீட்டிலிருந்து எடுத்து வந்தார்கள். சீவல் பாக்கும் கிராம்பும் மடியில் வைத்துக்கொண்டு தத்தா எனக்கு முன்வரிசையில் இருந்தார். திரையில் கணவன் ரிசார்ட்டில் வேலை செய்பவன், லீவில் வந்திருக்கிறான், மனைவியின் கைப்பேசியில் யாரோ அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டுக் கத்துகிறான். சோற்றுத் தட்டு பறக்கிறது. அவன் வாயில் அந்தச் சொல் வந்தது. தாயார் வேடத்தில் இருந்தவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார், பின்னணியில் வயலின் கதறியது. நான் அரங்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவர் கண்ணிலும் நீர் இல்லை. தத்தா பாக்கை வாயில் போட்டுக்கொண்டு பக்கத்திலிருந்த பெண்ணிடம் சாவதானமாக இரண்டு விரல்களைக் காட்டினார்.

இரண்டாவது. முதல் தலாக் முன்பே ஒரு பாட்டுக்குள் நடந்து முடிந்திருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்பதால் அந்த மண்டபத்தில் எவருக்கும் பதற்றம் இல்லை.

ஷரீஅத் சட்டம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு தலாக், இரண்டு தலாக் வரை திரும்பும் வழி திறந்திருக்கும். மறுமணம் செய்யாமல் அவள் காத்திருக்க வேண்டிய இத்தா காலத்துக்குள் கணவன் அவளை மீட்டுக்கொள்ளலாம். அது கடந்துபோனால் இருவரும் சம்மதித்து, கணவன் மனைவிக்குத் தரும் மணக்கொடையான மஹரைப் புதிதாகப் பேசி, புதிதாக நிக்காஹ் செய்துகொள்ளலாம். மூன்றாவது தலாக் விழுந்துவிட்டால் கதவு சாத்தப்படும். அவள் வேறொருவனை மணந்து, அந்த வாழ்க்கையும் முறிந்தால்தான் பழையவனுக்கு மறுபடி வாய்ப்பு. உலகம் முழுக்க முஸ்லிம்களுக்கு உள்ள சட்டம்தான் இது. ஆனால் ஊர்ப் பெரியவர்களும், மானமும், வரதட்சிணையும், குடும்பக் கௌரவமும் சேர்ந்து முதல் தலாக்கையே இழுத்துப் பிடித்து நிறுத்தும் இடங்களில் இந்த எண்ணிக்கைக்கு வேலையே வராது. மாலத்தீவில் எண்ணிக்கை உண்மையிலேயே ஓடுகிறது. கதாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கையில் மூன்று உயிர். முதலாவது போனால் ஊடல், இரண்டாவது போனால் அச்சம், மூன்றாவது போனால் அவலம். அந்த இடைக்காலக் கணவனாக ஒரு நல்லவனைக் கொண்டுவந்து நிறுத்தி, அவனுக்கும் அவள் மேல் நிஜமாகவே பிரியம் வந்துவிட்டால், அதற்கு மேல் கதையைத் தள்ளவே வேண்டாம், தானாக ஓடும்.

நம் படங்களில் காதலுக்கு எதிரி வெளியிலிருந்து வருவான்: சாதி, பணம், அப்பா, அரிவாள். திவெஹிப் படத்தில் எதிரி பெரும்பாலும் கணவனின் சொந்த நாக்குதான்.

இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். 1343இல் மாலத்தீவில் இறங்கிய மொராக்கோப் பயணி இப்னு பதூதா அங்கே காஜியாக, அதாவது நீதிபதியாக, பதவி வகித்தார். அப்போது அரியணையில் இருந்தவர் கதீஜா என்ற அரசி. இந்தத் தீவுகளில் கல்யாணம் செய்துகொள்வது மிகச் சுலபம், மஹர் குறைவு, கப்பலில் வந்து இறங்குபவர்கள் மணம் முடிப்பார்கள், கிளம்பும்போது தலாக் சொல்லிவிட்டுப் போவார்கள், இங்குள்ள பெண்கள் தங்கள் நாட்டை விட்டு வெளியேறுவதே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். அவரே ஒரே நேரத்தில் நான்கு மனைவியரோடு வாழ்ந்தவர்தான். காஜியாக அவர் முதலில் கைவைத்தது எதில் தெரியுமா? தலாக் ஆன பெண்கள், அடுத்த கல்யாணம் ஆகும்வரை பழைய கணவன் வீட்டிலேயே இருந்துவந்தார்கள். இது அவருக்குப் பொறுக்கவில்லை. இப்படி முன்னாள் மனைவியை வீட்டில் வைத்திருந்த இருபத்தைந்து பேர் அளவில் பிடித்து, சாட்டையால் அடித்து, கடைவீதியில் சுற்றிவரச் செய்தார்.

அந்த இருபத்தைந்து பேரையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பிரிந்தாயிற்று, ஆனால் அவள் அங்கேதான் இருக்கிறாள், அவள் சமைப்பாளா, அவன் கொண்டுவரும் மீனில் பங்கு உண்டா, இரவில் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பார்கள்? வெளியூர் நீதிபதிக்கு அது ஒழுக்கக்கேடு. உள்ளூர்க்காரர்களுக்கு அது சாதாரண ஏற்பாடு. பரபரப்பே இல்லாத இந்த ஏற்பாடு நூற்றாண்டுகளைத் தாண்டி மாலே நகரத்தில் வேறு காரணத்துக்காக நிலைத்திருக்கிறது. இரண்டு சதுர கிலோமீட்டர் அளவுள்ள அந்தத் தலைநகரத் தீவில் வாடகை விண்ணைத் தொடும். தலாக் ஆன பிறகும் வேறு அறை பிடிக்க வழியில்லாமல் ஒரே வீட்டின் அடுத்தடுத்த அறைகளில் காலம் தள்ளும் இருவரை எனக்குத் தெரியும். ஒரே குளியலறை. காலையில் யார் முதலில் என்பதில் மட்டும் தகராறு.

இப்னு பதூதா கதையில் நமக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. மாலத்தீவில் தலைமை அமைச்சரான வசீரோடு மனக்கசப்பு வந்து கிளம்பியவர், இலங்கை வழியாக மதுரைச் சுல்தானிடம் போய்ச் சேர்ந்தார். கியாசுதீன் தாமகானி என்ற அந்தச் சுல்தான் அவருக்குச் சகலை முறை. சகலைகள் இருவரும் உட்கார்ந்து, மாலத்தீவுக்குக் கப்பற்படை அனுப்பத் திட்டம் போட்டார்கள். சுல்தான் இறந்துபோனதால் அது நடக்கவில்லை. பிறகு இப்னு பதூதா தனியாகத்தான் தீவுக்குத் திரும்பினார். தான் கர்ப்பிணியாக விட்டுச் சென்ற மனைவி, ஏறத்தாழ இரண்டு வயது மகனோடு வந்து நின்றாள். பையனைத் தன்னோடு கூட்டிப்போக வந்தவர், அவன் அங்கே இருப்பதே அவனுக்கு நல்லது என்று முடிவு செய்து தாயிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் எழுதிய பக்கங்களில் இதற்குச் சில வரிகளுக்கு மேல் இடமில்லை. திவெஹி இயக்குநர் யாராவது இதை எடுத்தால் நான் டிக்கெட் வாங்கத் தயார்.

ஏன் இவ்வளவு சுலபமாகக் கட்டி, இவ்வளவு சுலபமாக அவிழ்க்கிறார்கள் என்று கேட்டால் அங்கே எவரும் ஒரே காரணம் சொல்வதில்லை. கல்யாணத்துக்கு வெளியே உடலுறவு குற்றம். இஸ்லாம் அரசு மதம். காதலிப்பவர்கள் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் கல்யாணம்தான் ஒரே வழி, ஆகவே சீக்கிரம் செய்துகொள்கிறார்கள். செலவு குறைவு, ஆடம்பர விருந்தெல்லாம் சமீப காலத்துப் பழக்கம். பிரிந்த பெண்ணை மூளி என்று ஒதுக்கும் வழக்கம் கிடையாது. அவள் இத்தா முடிந்ததும் அடுத்தவனைக் கட்டிக்கொள்வாள், ஊரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். ஆண்கள் எப்போதும் வெளியே இருப்பவர்கள்: அந்தக் காலத்தில் மீன்பிடிப் படகும் சரக்குக் கப்பலும், 1972இல் முதல் உல்லாச விடுதி திறந்த பிறகு ரிசார்ட்டும். மாதக்கணக்கில் விடுதித் தீவிலேயே தங்கி வேலை செய்துவிட்டுச் சில நாள் லீவில் வீட்டுக்கு வருபவன்தான் இன்றைய திவெஹிப் படத்தின் நிரந்தர நாயகன். அவன் படகிலிருந்து இறங்கும் காட்சியில் கையில் சாக்லேட் பை இருந்தால் சந்தோஷம் வரப்போகிறது. கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினால் இன்னொருத்தி வரப்போகிறாள். இவ்வளவு பார்த்த பிறகு இதைக்கூடக் கண்டுபிடிக்காவிட்டால் எப்படி?

2001 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டம் இந்தக் கதைகளின் போக்கையே மாற்றிவிட்டது. அதுவரை சமையலறையில் நின்று சொன்னாலே செல்லும். சட்டம் வந்த பிறகு நீதிமன்றத்தின் வழியாகத்தான் தலாக். வெளியே வாயால் சொன்னவனுக்கு அபராதம். கல்யாண வயது பதினெட்டு. இன்னொருத்தியை மணக்க வேண்டுமானால் நீதிமன்ற அனுமதி. சட்டம் பெண்களுக்கு எவ்வளவு பாதுகாப்பு தந்தது என்பதில் அங்கேயே இருவேறு கருத்து உண்டு. ஆனால் திரைக்கதைக்கு அது ஒரு பெஞ்சைத் தந்தது. நீதிமன்றத்துக்கு வெளியே, அழைப்பு வரும்வரை, கணவனும் மனைவியும் அருகருகே உட்கார்ந்து காத்திருக்கும் பெஞ்சு. கோபத்தில் சொல்லித் தொலைக்க முடியாது. காகிதம் நகரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நான் பார்த்த படங்களில் நல்ல வசனங்களில் பாதி அந்தக் காத்திருப்பில் பேசப்பட்டவை. மின்கட்டண ரசீது எங்கே வைத்திருக்கிறாய் என்று அவன் கேட்பான். அவள் சொல்வாள். அதிலேயே இன்னும் ஐந்து வருடம் சேர்ந்து வாழலாம் போல இருக்கும்.

குறைகளைச் சொல்லாமல் போனால் தத்தாவே என்னை மன்னிக்க மாட்டார். படம் நீளம். பாட்டு அதிகம். இரண்டாவது பெண் என்று ஒருத்தி வந்துவிட்டால் அவளுக்கு மனசாட்சியே இருக்காது. புருவத்தைத் தீட்டிக்கொண்டு சதி செய்துகொண்டே இருப்பாள். சதி போதாவிட்டால் சூனியம். அங்கே அதை ஃபன்டித என்பார்கள். தலையணைக்கு அடியில் எழுதி மடித்த காகிதம் ஒன்று கிடைக்கும், அத்தோடு கணவன் செய்த துரோகம் அனைத்தும் மந்திரத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஒருவன் தன் மனைவியை ஏமாற்றினால் அவன்தான் ஏமாற்றினான். பேயை ஏன் இழுக்கிறீர்கள்?

அதைவிடப் பெரிய மனக்குறை, மன்னிப்பு ஒரு பக்கமாகவே நடப்பது. அவன் குடிப்பான், ஊதாரியாக இருப்பான், இன்னொருத்தியோடு போவான். கடைசியில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தால் போதும், அவள் வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் மேற்படிப்புக்கு மலேசியா போய்விட்டு வந்தாலே போதும், படம் அவளைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்துவிடும். வீட்டு வன்முறையைத் தடுக்கும் சட்டம் 2012இல் வந்துவிட்டது. பல படங்களில் கன்னத்தில் விழும் அறை இன்னும் காதலின் சூடாகத்தான் காட்டப்படுகிறது.

இதற்கிடையில் பெண்கள் இயக்கிய படங்கள் இந்தச் சினிமாவின் ஓரத்தில் இல்லை, நடுவிலேயே இருக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். ஃபாதிமத் நஹுலா என்ற இயக்குநரின் பெயரை நான் போன ஒவ்வொரு வீட்டிலும் கேட்டிருக்கிறேன். அவர் படம் என்றால் பெண்கள் கூட்டமாகப் போவார்கள். நடிகையாக நாட்டையே அழவைத்த நியுமா முகம்மதும் பிறகு இயக்கத்துக்கு வந்தார். ஐந்து லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள்தொகை. அதிலும் ஒரு பெரும் பங்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மாலேயின் ஒலிம்பஸ் அரங்கத்தை நம்பியே காலம் காலமாக ஓடிய தொழில். இந்தச் சந்தையில் படமெடுப்பது எவ்வளவு துணிச்சல் என்பது சென்னையின் புறநகர் ஒன்றிலேயே இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள் என்று யோசித்தால் தெரியும்.

இப்போது கதைகள் கைப்பேசிக்கு இடம் மாறிவிட்டன. உள்ளூர் ஓடிடி தளங்களில் தொடர்கள் வருகின்றன. நெருக்கடி மிகுந்த மாலேயும், 2018இல் பாலம் வந்த பிறகு அதோடு ஒட்டிக்கொண்ட ஹுல்ஹுமாலேயின் அடுக்குமாடிகளும்தான் களம். இவற்றில் காதலர்களின் பிரச்சினை மாமியாரோ மந்திரமோ அல்ல, கதவு. நான்கு பேர் படுக்கும் அறையில் புதுமணத் தம்பதிக்கு ஒரு தடுப்புத் திரை. சண்டை போடுவதற்குக்கூடத் தனிமை இல்லாமல் இருவரும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நகரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அவள் பின்னாலிருந்து அவன் தலைக்கவசத்தைப் பார்த்துத் திட்டுகிறாள். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் கேட்கிறார் என்று நிறுத்துகிறாள். பச்சை விழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். வேறு எந்த நாட்டுச் சினிமாவிலிருந்தும் இதைக் கடன் வாங்கியிருக்க முடியாது.

ஆனாலும் நான் எதிர்பார்க்கும் படம் இன்னும் வரவில்லை. டிசம்பர் விடுமுறையில் தத்தாவின் இளைய மகனுக்குச் சுன்னத்து நடந்தது. அங்கே அது பெரிய கொண்டாட்டம். பையனைக் கட்டிலில் படுக்கவைத்து, இடுப்புத் துணி காயத்தில் படாமல் கூடாரம்போலக் கயிற்றில் தூக்கிக் கட்டியிருந்தார்கள். ஊர் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. மீன் அடைத்த ரொட்டியான மஸ்ரோஷியும் பால் ஊற்றிய தேநீரும் வந்துகொண்டே இருந்தன. ராத்திரியில் பையனுக்குத் துணையாகக் கட்டிலின் இந்தப் பக்கம் தத்தாவின் இப்போதைய கணவர், அந்தப் பக்கம் பையனின் அப்பா, அதாவது முன்னாள் கணவர். இருவரும் சீட்டாடினார்கள். பையன் வலிக்கிறது என்று முனகினால் யார் பக்கம் கை நீள்கிறதோ அவர் எழுந்து விசிறினார். விடியற்காலையில் மாலே படகு பிடிக்க வேண்டிய முன்னாள் கணவருக்கு, இந்நாள் கணவரே பையைத் தூக்கிக்கொண்டு துறைவரை போனார்.

இதை ஏன் உங்கள் சினிமாவில் காட்டுவதில்லை என்று தத்தாவிடம் கேட்டேன். அவர் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. "இதில் என்ன இருக்கிறது ஸர்? சண்டையா, அழுகையா? இதைப் பார்க்க யார் காசு கொடுப்பார்கள்?" என்றார். பிறகு, அன்று சீட்டாட்டத்தில் முன்னாள் கணவர் கள்ளாட்டம் ஆடியதாகவும், மூன்றாவது தலாக்குக்கும் அந்தக் குணம்தான் காரணம் என்றும் சொல்லிவிட்டு, அந்தச் சண்டையை முதலிலிருந்து விவரிக்க ஆரம்பித்தார். அது ஒரு முழுநீளப் படம்.